இறங்குமுகமாக எண்ணாதே

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஏன் எழுந்து கைகழுவப் போனேன் என்று கேட்டீர்கள். கையில் அழுக்கு எதுவும் இல்லை. தட்டில் இருந்த ரொட்டியை நான் தொடவே இல்லை. ஈப்போவில் ராக்கெட் பிரியர்கள் நாம் மாதாமாதம் கூடும் அந்தக் கடையின் மாடியில், சுவர்த்திரையில், எங்கோ ஒரு கடலோர மேடையில், வாடகைக்கு ஓடும் ராக்கெட் ஒன்று வெண்புகையைக் கசியவிட்டபடி நின்றுகொண்டிருந்தது. "எல்லாரும் சேந்து தமிழ்ல எண்ணுவோம்லா," என்றார் நம்மில் ஒருவர். நீங்கள் பத்து என்று தொடங்கியபோது நான் குழாயடியில் இருந்தேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் இரைச்சலில் எதுவும் காதில் விழக்கூடாது.

எந்த ராக்கெட் என்றைக்கு, எது காற்றுக்காகத் தள்ளிப்போனது, எதன் அடிப்பாகம் திரும்பி வந்து கப்பல்மேல் காலூன்றி நின்றது, எல்லாம் எனக்கு அத்துப்படி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் தனியாக இருந்தால், பத்து என்ற குரல் வந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். மேலே போயிருக்கும் என்று தோன்றிய பிறகுதான் நிமிர்த்துவேன். மறுபடி போட்டுக் காட்டும்போதும் அந்த இடத்தைத் தாண்டித்தான் பார்ப்பேன். பயம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் வயது ஏறாத, பத்து வயதிலேயே நின்றுபோன பயம். நீங்கள் சிரித்தீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஆயர் தாவார் பக்கம். அந்த மார்கழியில் அது பாதித் தோட்டம்தான். ரப்பர் தரும் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் தொடங்கும் ரம்பத்தின் அலறல் வெயில் சாயும்வரை ஓயாது. பெரிய மரம் விழும்போது முதலில் ஒரு முனகல் கேட்கும். பிறகு ஒரு நொடி எதுவுமே இருக்காது, பறவைகூட வாய் திறக்காது. அதன்பிறகுதான் தரை அதிரும். அதிர்ச்சி பழகிவிட்டது. அந்த ஒரு நொடி பழகவே இல்லை.

லயத்தின் வரிசை வீடுகளில் பாதி காலி. டவுனுக்குப் போய்விட்டவர்களின் கதவுகளைக் காற்று அடித்து அடித்து மூடியது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும், எரிகிற வேர்களின் புகையும் துணியில், தலைமயிரில், சோற்றில். காடு கலைந்ததால் பாம்பும் பூரானும் போக்கிடமில்லாமல் வாசல்வரை வந்தன. கட்டிலில் இருந்து காலை இறக்குமுன் குனிந்து பார்த்து இறக்கினோம்.

அம்மாவுக்கு நிறைமாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. இரண்டாவது, உயிரோடு வந்தும் அழாமலே போனது; அதை ஆற்றோரப் பால்மரம் ஒன்றின் அடியில் புதைத்திருந்தார்கள். அந்த மரமும் அந்த மாதம் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன், வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. வீட்டில் சொல்லவில்லை. மற்றவர்களும் பார்த்திருக்கத்தான் வேண்டும். அவர்களும் சொல்லவில்லை. இந்தத் தடவையாவது தாயும் பிள்ளையும் பிழைக்கவேண்டும், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும் என்று மிஸி கண்டித்துச் சொல்லியிருந்தார். தாதியை நாம் மிஸி என்றுதானே கூப்பிடுவோம்.

சித்தப்பாவுக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், இடுப்பில் செருகிய செய்தித்தாளோடு. நம் நாட்டின் முதல் துணைக்கோள் மேலே போகப்போகிறது என்று அந்தப் பருவம் முழுக்கப் பேச்சு. அவருக்கு வேறு பேச்சே இல்லை.

"ராக்கெட்டு நம்மளோடதா சித்தப்பா?"

"இல்ல பாப்பா. அது வெள்ளக்காரனோடது, வாடகைக்கு ஓடுது. காசு கட்டுனா யார் சாமானையும் ஏத்தும். நம்ம துணைக்கோள் ஒண்ணு, வேற எவனோடதோ ஒண்ணு. ஈப்போ டாக்சியில நாலு பேரு சேந்தாத்தான் வண்டிய எடுப்பான்ல, அந்தக் கணக்கு."

அப்பாவின் அக்கா, என் அத்தை, பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்தார். முறத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"அடுத்தவன் வண்டியில எவனோ சாமான் ஏத்துறான். அதுக்கு நீ ஏண்டா குதிக்கிற?"

"நம்ம நாட்டுச் சாமான்க்கா."

"மார்கழியில எவனாவது புதுசா ஒண்ணத் தொடங்குவானா? கேட்டுச் சொல்லு."

"ராக்கெட்டு விடுற ஊர்ல மார்கழி இல்லக்கா. காடு இருக்கு, மழ இருக்கு, நம்ம மாதிரியே கொசு இருக்கு. மார்கழி மட்டும் இல்ல."

"ஒனக்குத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் டாக்சி பிடிக்கணும். நாலு பேரு சேர வேணாம், நீ ஒருத்தன் போதும்."

மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயரை இப்படிக் கிண்டலுக்கு இழுப்பதை நாம் விட்டு வெகுநாளாகிறது. அன்றைக்கு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

நானும் ஒரு ராக்கெட் செய்தேன். பழைய டார்ச் லைட்டின் துருப்பிடித்த உடல். தலைக்கு ஒரு மங்கு, மரத்தில் பாலைப் பிடிக்கக் கட்டும் அந்தப் பீங்கான் கிண்ணம், கவிழ்த்து வைத்தது. தலை பெருத்துப்போய் அசிங்கமாக இருந்தது. "உள்ள ரெண்டு பேரு போறாங்கல்ல, பெருசாத்தான் இருக்கும்," என்றார் சித்தப்பா. மங்குக்குள் இரண்டு கித்தாக் கொட்டைகளைப் போட்டேன், புள்ளி புள்ளியாய், பளபளவென்று, குலுக்கினால் பேசும் கொட்டைகள். அந்தப் பளபளப்பு இப்போதும் விரல் நுனியில் இருக்கிறது, கொட்டைதான் இல்லை.

பிறகு அவர் எண்ணக் கற்றுக்கொடுத்தார். ராக்கெட்காரர்கள் மேலிருந்து கீழே எண்ணுவார்கள், பத்து, ஒன்பது என்று இறங்கி, சைபரில் நெருப்பு. எனக்கு அது பைத்தியமாய்ப் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போது கடைசி வாளித் தண்ணீருக்குப் பத்தில் இருந்து. அடுப்பில் பால் பொங்குவதற்குப் பத்தில் இருந்து. மரம் முனகியதும், அது தரையைத் தொடுமுன், பத்தில் இருந்து. அந்த வெற்று நொடிக்குள் எண்களைப் போட்டு நிரப்பினேன். பயம் கொஞ்சம் அடங்கியது.

ஒருநாள் மாலை அம்மாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே எண்ணினேன். மூன்று என்ற இடத்தில் அத்தை என் வாயைப் பொத்தினார். எண்ணெய்க் கையால், மூக்கையும் சேர்த்து.

"எந்த வூட்டுல இருந்துக்கிட்டு என்னா எண்ணுற நீ?"

அத்தை அரிசி அளப்பதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு. டின்னின் அடி தெரியவிடமாட்டார், ஒரு பிடி எப்போதும் கிடக்கும். விளக்கை அணை என்று அவர் வாயில் வராது, குளிர வை என்றுதான் வரும். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் நான் சைபருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன்.

"கோயில் பூசாரி ஒனக்குப் பூரான் கடிச்சப்ப என்னா செஞ்சாரு? வேப்பிலைய வச்சு இறங்குமுகமாத்தான எண்ணுனாரு. எதுக்கு? உள்ள இருக்கற வெசம் வெளிய எறங்கிப் போறதுக்கு. எண்ணி முடிக்கிறப்ப உள்ள இருக்கறது வெளிய போயிரும். வயித்துப்புள்ளக்காரி கால்ல கைய வச்சுக்கிட்டு நீ எதை எறக்குற?"

எனக்கு அந்த வேப்பிலை நினைவு வந்தது. முழங்காலில் இருந்து கணுக்கால்வரை வருடி இறங்கியது, பூசாரியின் வெற்றிலை மூச்சு, எண் குறையக் குறைய வலியும் குறைந்தது. அத்தை சொன்னது முழுக்க முழுக்க உண்மை என்று எனக்குப் பட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். "அத்தை சொன்னாக் கேளு," என்றாள். அவ்வளவுதான். அவளும் பயந்துவிட்டாள், என்னைக் கண்டே பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வாயால் எண்ணுவதை அன்றைக்கே விட்டேன். மண்டைக்குள் அது நிற்கவில்லை. மரம் முனகினால் போதும், பத்து, ஒன்பது, எட்டு, என்னைக் கேட்காமலே ஓடும். ஆறில் பிடித்து நிறுத்துவேன், திரும்பி ஏழு, எட்டு என்று மேலே ஏற்றிவிடுவேன். ஒருநாளைக்கு எத்தனை மரம் விழுந்ததோ அத்தனை தடவை என் அம்மாவைக் கீழே தள்ளித் தள்ளி மேலே இழுத்தேன். பள்ளியில் மாடிப்படி இறங்கப் பயந்தேன். அத்தை பால் வெட்டும் கத்தி ஒன்றை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தார், இரும்பு இருந்தால் எதுவும் அண்டாதாம். நான் அதைத் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். ராக்கெட்டை ஒருநாள் காணவில்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மங்குச் சில்லு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

ஏவும் நாள் தள்ளிப்போனது. அம்மாவின் நாளும் வந்து, கடந்து, தள்ளிப்போனது. சனிக்கிழமை வந்த சித்தப்பா செய்தித்தாளைப் பிரித்ததும் அத்தை பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேச்சை இந்த வூட்டுல எடுக்காத. வயிறு எறங்கிக் கெடக்கு அவளுக்கு."

"ஏன்க்கா, எங்கயோ கெடக்கற ராக்கெட்டுக்கும் அண்ணி வயித்துக்கும் என்னாக்கா சம்பந்தம்?"

"ஒனக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும்."

சொன்னபிறகு அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சித்தப்பா செய்தித்தாளை மடித்தார், மடித்ததையே மடித்தார். அத்தைக்குப் பிள்ளை இல்லை என்றுதான் எனக்குத் தெரியும். பெத்தவள் என்று அவர் தன்னைச் சொன்னதை அன்று நான் கவனிக்கவில்லை. அத்தைக்கும் ஒன்று பிறந்து, தங்காமல் போயிருக்கிறது. அப்போது அத்தைக்கு நம் இப்போதைய வயதுகூட இல்லை. அந்த வேப்பிலையும் கத்தியும் லாபமும் இல்லாமல் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்கு அவர் வெறும் எண்ணெய்க்கை.

கடைசியில் எல்லாம் ஒரே நாளில் வந்தது. மார்கழி முடிய ஓரிரு நாள். கருக்கலில் விழித்தபோது தோட்டத்து வேனின் இயந்திரம் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அம்மாவை அப்பாவும் அத்தையும் தாங்கி ஏற்றினார்கள். படுக்கையில் கிடந்த துணி ஈரமாக இருந்தது, சிவப்பாகவும் இருந்தது. அம்மா என்னைத் தேடினாள் என்று நினைக்கிறேன், கதவு சாத்திவிட்டது. செம்மண் சாலையில் பின்விளக்கு குலுங்கிக் குலுங்கிச் சின்னதாகி, சாய்ந்த மரங்களுக்கு நடுவே போய்விட்டது.

லீவு போட்டுத் தங்கியிருந்த சித்தப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றி டவுனுக்கு, பாய் கடைக்குக் கொண்டுபோனார். ராக்கெட் பார்க்க இல்லை. தோட்டத்தில் தொலைபேசி இல்லை. அப்பா கூப்பிட்டால் பாய் கடைக்குத்தான் கூப்பிடுவார். ஆனால் அங்கே தொலைக்காட்சியும் இருந்தது, அதன் கீழே கூட்டமும் இருந்தது. மீன்காரர்கள், பள்ளி வாத்தியார், டாக்சிக்காரர்கள், ஒரு போலீஸ்காரர். திரையில் அது நின்றது. நான் செய்ததைப் போலவே தலை பெருத்து, வெள்ளையாய், இருட்டைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு. அந்த ஊரில் அது முந்தின நாள் ராத்திரி என்றார் வாத்தியார். நேற்றிலேயே நின்றுகொண்டிருக்கும் ராக்கெட். நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போலாம் சித்தப்பா."

"போன் வரும் பாப்பா. எங்க போறது?"

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அதற்காகவே பிறந்தவர்போல் திரிந்த மனிதர், கல்லாவில் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு திரைக்குள் இருந்து ஒரு குரல். எந்த மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. மொழி தெரியாவிட்டாலும் படி இறங்குகிற கால் சத்தம் தெரியும் அல்லவா. கூட்டம் மலாயில் சேர்ந்துகொண்டது, பத்தில் இருந்து, மேசையைத் தட்டித் தட்டி. எட்டு. ஏழு. மலாயில் சைபருக்குக் கோசோங் என்பார்கள், காலிக்கும் அதே சொல்தான். முப்பது பேர் சேர்ந்து என் அம்மாவைக் காலி என்ற இடத்துக்கு இறக்கிக்கொண்டு போனார்கள்.

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. அவர்கள் இறங்க இறங்க நான் ஏறினேன். தொண்டை கிழிந்தது. "புள்ள தப்பா எண்ணுதுலா," என்று யாரோ சிரித்தார். அவர்கள் கோசோங் என்று கூவியபோது நான் பதினொன்றில் இருந்தேன், கண்ணைத் திறக்கவில்லை, இமைக்கு வெளியே வெள்ளையாய் ஏதோ பரவியது, கைதட்டினார்கள், நான் இன்னும் ஏறிக்கொண்டிருந்தேன். பாய் வந்து தோளைத் தொட்டபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன்.

"போதும் தங்கச்சி. மேல போயிருச்சு. ஒரு மைலோ கலக்கவா?"

கடை காலியானது. பிறகு மத்தியானச் சோற்றுக்கு நிறைந்து, மறுபடி காலியானது. மணி அடிக்கும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து நிற்பார், பாய் தலையை ஆட்டுவார், அவர் உட்காருவார். அரிசிக்காரன், கோழிக்காரன், தவறான எண். வெயில் கதவைத் தாண்டி உள்ளே வந்து என் காலைத் தொட்டபோது ஒரு அழைப்பு வந்தது. பாய் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. தொலைபேசியை நீட்டினார். சித்தப்பா கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு தரையில் குந்திவிட்டார்.

"தம்பி பொறந்திருக்கான். அம்மாவுக்கு ரத்தம் ஏத்துறாங்க. இருக்காங்க பாப்பா. ரெண்டு பேரும் இருக்காங்க."

அத்தை திரும்பி வந்தது பொங்கல் கழிந்து. பாய் கடைக் கதை அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ ஏறுமுகமா எண்ணுனியாமே. அதான், அதுதான் ரெண்டு உசுரையும் புடிச்சு வச்சிருக்கு." அதன்பிறகு கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே பார்த்தாலும் அதையே சொன்னார். அது புகழ்ச்சி. எனக்கு மட்டும் அது பூட்டு. எண்ணிப் பிடித்து வைத்தவள் நான் என்றால், என்றைக்காவது இறங்குமுகமாய்ப் போகவிட்டால்? தம்பியின் ஜாதகத்தில் பிறந்த நேரம் மத்தியானம் என்று எழுதியிருக்கிறது, ராக்கெட் போனது காலையில். இதைக் கணக்குப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை. பயத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

அத்தை போன வருஷம் போய்ச் சேர்ந்தார். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ராக்கெட்டில் துளி ஆர்வம் இல்லை, பூப்பந்துதான் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், அம்மாவிடம் சொன்னேன். குழாயடிக் கதையை, பிறகு எல்லாவற்றையும். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நான் அங்க எறங்குமுகமாத்தான எண்ணினேன்," என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரியில. அந்த மிஸி முக்கு முக்குன்னு கத்துறா. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது. எதையாவது புடிச்சுக்கணும்போல இருந்துச்சு. ஒன் பத்து ஒம்பதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு வலிக்கு ஒருவாட்டி, பத்துல இருந்து."

"அத்த அவ்ளோ சொல்லியுமா?"

"ஏறுமுகமா எண்ணுனா அது எங்கடி போய் முடியும்? வலிக்கு ஒரு முடிவு வேணும்லா. அதோட ஒங்க அத்த என்னா சொன்னாங்க? உள்ள இருக்கறது வெளிய வந்துரும்னாங்க. வரணும்னுதான நானும் எண்ணினேன்."

"இத ஏம்மா இத்தன வருஷம் சொல்லல?"

"சந்தோசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. அந்த மனுசிகிட்டப் போய் இல்லன்னு எப்படிச் சொல்றது. ஒனக்கு இப்படி ஒண்ணு உள்ள இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்."

கொஞ்சநேரம் நறுக்கினாள்.

"சைபர் சொன்னியாம்மா?"

"அது எதுக்கு அந்த வார்த்த, நல்ல நேரத்துல. அந்த எடத்துல வாடான்னேன். பொட்டப்புள்ளையா இருந்தா வாடின்னு மாத்திக்கலாம்னு."

இன்று காலை இன்னொன்று போனது. யாருடைய துணைக்கோள் என்பதெல்லாம் குழுவில் போட்டிருக்கிறேன். ஃபோனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். அம்மா அடுப்படியில் நின்றாள். பத்து என்றதும் என் கை தானாக எழுந்தது, கவிழ்க்க. நாக்கின் அடியில் ஒண்ணு, ரெண்டு என்று பழைய ஏற்றம் கிளம்பிவிட்டது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். வியர்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், தோசையைப் புரட்டிக்கொண்டே, என் வாயைப் பொத்தாமல், கூடவே இறங்கினாள். நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு.

பிறகு அந்த நொடி. மரம் முனகி முடித்த நொடி, பறவை வாய் திறக்காத நொடி.

"வாடா," என்றாள் அம்மா.

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தேன்.